வீணைக்கு மெருகு ஏறுவது எப்போது?

வீணை வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் முதலில் செய்யும் காரியம் என்ன? தந்தியை மீட்டிப் பார்ப்பதல்ல. குடத்தைத் தடவிப் பார்ப்பதுதான். கை வழுக்கிக்கொண்டு போனால் முகம் மலர்கிறது. விளக்கு வெளிச்சம் பட்டு மரம் தகதகவென்று மின்னினால், விலை சற்றுக் கூடுதலானாலும் பரவாயில்லை என்று தோன்றிவிடுகிறது. "நல்ல பாலீஷ்" என்று பாராட்டிவிட்டுப் பணத்தை எண்ணி வைக்கிறோம்.

உண்மையில் அந்த வழவழப்பு பாலீஷ் கொடுத்ததல்ல. பாலீஷ் என்பது மரத்தின்மேல் படியும் மெல்லிய தோல். அதன் கீழே உள்ள பரப்பு மேடும் பள்ளமுமாக இருந்தால், மேலேயும் மேடும் பள்ளமும்தான். பச்சை மரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல், பாலீஷ் ஏறியதும் "இதோ இருக்கிறேன்" என்று எழுந்து நிற்கும். பளபளப்பு குறையை மறைக்காது. விளக்குப் போட்டுக் காட்டும். ஆகவே, வீணைக்கு மெருகு ஏறுவது பாலீஷ் போடும் நாளில் அல்ல. அதற்கு முன்னால், யாரும் பார்க்காத நாட்களில், உளியும் சுரண்டியும் உப்புத்தாளுமாக ஒரு தொழிலாளி உட்கார்ந்திருக்கும்போதுதான் ஏறுகிறது.

இந்த வேலையைத் தெரிந்துகொள்வதில் நமக்கு லாபமும் உண்டு. அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் மல்லேஸ்வரத்திலும் உள்ள நம்மவர் வீடுகள் சிலவற்றில், ஊரிலிருந்து வந்த பழைய வீணை ஒன்று உறைக்குள் இருக்கிறது. பாட்டி வாசித்தது, இப்போது பேத்திக்குப் பாடம் தொடங்க வேண்டும். "பாலீஷ் போட்டுவிட்டால் புதிதாகிவிடும்" என்று அதை யாரிடமாவது கொடுக்கிறோம். அங்கேதான் பல நல்ல வீணைகளின் குரல் கெடுகிறது. எப்படி என்பதைப் பின்னால் பார்ப்போம். முதலில் மரத்திலிருந்து தொடங்குவோம்.

பலாவும் ஈட்டியும்

தஞ்சாவூர் வீணை என்றால் பலா மரம். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில்தான் வீணை 24 மெட்டுகளோடு இன்றைய வடிவம் பெற்றது என்பது மரபாகச் சொல்லப்படும் செய்தி. அந்தத் தஞ்சாவூர் வீணைக்கு 2013ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பலாப்பழத்துக்குப் பேர்போன பண்ருட்டிப் பக்கத்திலிருந்து அதற்கு மரம் வருகிறது. குடம், தண்டி, யாளி முகம் எல்லாம் ஒரே மரத்தில் குடைந்தெடுத்தால் அது ஏகாண்ட வீணை. தனித்தனியாகச் செய்து சேர்த்தால் ஒட்டு வீணை.

நாம் வாழும் கர்நாடகத்துக்கும் இதில் சொந்தம் உண்டு. மைசூர் வீணை மரபில் கருமை கலந்த ஈட்டி மரத்துக்கு, அதாவது ரோஸ்வுட்டுக்கு, தனி மதிப்பு. பெங்களூருக்கு வடக்கே தொட்டபள்ளாப்பூர் தாலுகாவில் உள்ள சிம்பாடிபுரா என்ற சிற்றூர், வீணை செய்யும் குடும்பங்களால் பெயர் பெற்றது.

இரண்டு மரமும் பரப்புத் தயாரிப்பில் இரண்டு விதமாக நடந்துகொள்ளும். பலாவில் துவாரங்கள் பெரியவை. கூர்ந்து பார்த்தால் ஊசியால் கீறியதுபோன்ற சிறு கோடுகள் மரம் முழுக்கத் தெரியும். அவற்றை அடைக்காமல் பாலீஷ் போட்டால் பரப்பு கண்ணாடிபோல் வராது. ஈட்டி அடர்த்தியான மரம், நன்றாக வழவழக்கும். ஆனால் அதன் எண்ணெய்ப்பசையும் சாயமும் துணியில் ஏறி, பக்கத்திலுள்ள வெளிர் நிற வேலைப்பாட்டில் படிந்துவிடும்.

எந்த மரமானாலும் முதல் நிபந்தனை ஒன்றுதான்: நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். ஈரம் உள்ள மரத்தை எவ்வளவு இழைத்தாலும் பயனில்லை. இன்று சமமாக இருக்கும் ஒட்டு, ஆறு மாதம் கழித்துக் கோடாகத் தெரியும். காவிரிக் கரையின் ஈரக்காற்றில் செய்த வீணை, கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரின் மாசி, பங்குனி வறட்சிக்கு வந்தால் மரம் சற்றுச் சுருங்கும். எனவே, வெளியூரிலிருந்து வந்த வீணையை வந்த மறுநாளே பாலீஷுக்குக் கொடுக்கக் கூடாது. சில வாரங்களாவது அது இந்த ஊர்க் காற்றைக் குடிக்கட்டும்.

உளித் தழும்பு போக வேண்டும்

குடைந்து முடித்த வீணையைப் பார்த்தால் அம்மைத் தழும்பு விழுந்த முகம்போல் இருக்கும். வாய்ச்சி வெட்டியதும் உளி செதுக்கியதும் பள்ளம் பள்ளமாகத் தெரியும். தண்டி நேரானது, அதில் இழைப்புளி ஓடும். குடம் உருண்டை, அதில் இழைப்புளிக்கு வேலையில்லை. அங்கே அரமும் சுரண்டியும்தான்.

சுரண்டி என்பது மெல்லிய எஃகுத் தகடு. அதன் விளிம்பை மடக்கித் தீட்டி, இரு கைகளாலும் சற்று வளைத்துப் பிடித்து இழுப்பார்கள். தகடு நன்றாகத் தீட்டியிருந்தால் மரம் சுருள் சுருளாக வரும். மழுங்கியிருந்தால் வெறும் தூள்தான் வரும். உடைந்த கண்ணாடிச் சில்லின் கூரான விளிம்பைக் கொண்டே இந்த வேலையை முடிக்கும் பழக்கமும் தச்சர்களிடம் உண்டு. எதுவானாலும் நோக்கம் ஒன்றே: மரத்தை நசுக்காமல், பிய்க்காமல், சீவி எடுப்பது.

இங்கே தொழிலாளிக்குத் தெரிய வேண்டிய பெரிய ரகசியம், நார் ஓடும் திசை. பூனையின் முதுகைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் மயிர் படியும். எதிராகத் தடவினால் நிமிரும். மரமும் அப்படித்தான். குடத்தின் வளைவில் நாரின் திசை இடத்துக்கு இடம் மாறும். ஒரு பக்கம் மேலிருந்து கீழே இழுத்த கை, அடுத்த பக்கம் கீழிருந்து மேலே இழுக்க வேண்டியிருக்கும். திசை தவறினால் மரம் சில்லாகப் பெயரும். பெயர்ந்த இடத்தைச் சமப்படுத்த, சுற்றியுள்ள இடத்தையெல்லாம் தாழ்த்த வேண்டும். அவசரக்காரன் கையில் குடம் மெலிவது இப்படித்தான்.

உப்புத்தாளின் கணக்கு

சுரண்டிக்குப் பின் உப்புத்தாள். இதில் உப்பும் இல்லை, இப்போது மணலும் இல்லை. செயற்கையாகச் செய்த கடினமான துகள்களைத் தாளிலோ துணியிலோ ஒட்டியிருக்கிறார்கள். பின்பக்கத்தில் எண் அச்சிட்டிருக்கும். எண் ஏற ஏறத் துகள் பொடியாகும். 80ஆம் எண் முரடு. 120, 180, 220, 320 என்று போகப் போக நயம்.

பலர் செய்யும் தவறு, படிகளைத் தாண்டுவது. 80ல் தேய்த்துவிட்டு நேராக 220க்குப் போனால் நேரம் மிச்சம் என்று நினைக்கிறார்கள். 80ஆம் எண் தாள் போட்ட கீறல் ஆழமானது. 220 அதை அழிப்பதற்குள் கை ஓய்ந்துவிடும். அழிந்ததுபோல் தெரியும், அழிந்திராது. ஒவ்வொரு தாளின் வேலையும் அதற்கு முந்தின தாள் போட்ட கீறலை முழுவதும் எடுப்பதுதான். அது முடிந்ததும் தூளைத் துடைத்துவிட்டு அடுத்த எண்ணுக்குப் போக வேண்டும். முரட்டுத் தாளின் துகள் ஒன்று தங்கிவிட்டாலும், அடுத்த தாளின் கீழே சிக்கிப் புதுக் கோடு போடும்.

தேய்ப்பதும் நார் ஓடும் திசையிலேயே இருக்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் சீக்கிரம் சமமாகும் என்பது உண்மை. ஆனால் குறுக்குக் கோடு பாலீஷின் கீழே தனியாகத் தெரியும். தண்டியின் சமமான பக்கங்களில் தாளைக் கட்டையில் சுற்றித் தேய்க்க வேண்டும். வெறும் விரலால் அழுத்தினால், விரல் பட்ட இடமெல்லாம் பள்ளமாகும். குடத்தின் வளைவுக்குக் கட்டை ஒத்துவராது. உள்ளங்கைதான் அங்கே கட்டை.

வேலை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி? மேலிருந்து விழும் வெளிச்சத்தில் எல்லா மரமும் அழகாகத்தான் தெரியும். இருட்டறையில் ஒரு விளக்கைப் பக்கவாட்டில், மரத்தோடு ஒட்டினாற்போல் தாழ்த்திப் பிடித்துப் பார்க்க வேண்டும். சாலையில் மாலை வெயிலில் சிறு கல்லுக்கும் நீண்ட நிழல் விழுவதுபோல், ஒவ்வொரு கீறலும் நிழல் கட்டிக்கொண்டு வெளியே வரும். கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவிப் பார்ப்பதும் நல்ல சோதனைதான்.

தண்ணீர் வைக்கும் பரீட்சை

எல்லாம் முடிந்து மரம் பட்டுப்போல் ஆன பிறகு, தேர்ந்த தொழிலாளி ஒரு காரியம் செய்வார். ஈரத்துணியைப் பிழிந்து மரம் முழுக்கத் துடைப்பார். இவ்வளவு பாடுபட்டு வழவழப்பாக்கியதில் தண்ணீர் படலாமா என்று பார்ப்பவர்களுக்குத் திகைப்பாக இருக்கும். உலர்ந்ததும் தொட்டால் இரண்டு நாள் தாடிபோல் சொரசொரக்கும்.

தேய்க்கும்போது சில நார்கள் அறுபடாமல் படுத்துக்கொண்டன. ஈரம் பட்டதும் உப்பி எழுந்துவிட்டன. இப்போது எழாவிட்டால் சாயமோ முதல் பாலீஷோ பட்டதும் எழும். அப்போது சரிசெய்வது கஷ்டம். ஆகவே அவற்றை இப்போதே வலிய எழுப்பி, நயமான தாளால் மெல்ல இரண்டு இழுப்பு இழுத்து அறுத்துவிடுகிறார்கள். இதை இரண்டு முறை செய்தால் மரம் அதற்குப் பிறகு தலை தூக்காது.

நார் அறுபடாமல் வெறுமனே அமுங்கிய சொட்டைக்கும் தண்ணீரே மருந்து. சொட்டையின்மேல் ஈரத்துணி வைத்துச் சூடான இஸ்திரிப்பெட்டியின் நுனியால் தொட்டால், ஆவி இறங்கி அமுங்கிய நார் பெரும்பாலும் மேலே வரும். இது பாலீஷ் ஏறாத புது மரத்துக்கான வைத்தியம். மெட்டுகளைத் தாங்கும் மெழுகுக்கும் பசை போட்ட ஒட்டுக்கும் அருகே சூடு போகவே கூடாது.

அடைப்பதும் மறைப்பதும்

அடுத்தது துவாரம் அடைப்பது. நயமான பொடியை மரத்தின் நிறத்துக்குச் சாயம் கலந்து குழைத்து, நாருக்குக் குறுக்காகத் தேய்த்துத் துவாரங்களில் ஏற்றி, மிகுதியை வழித்து எடுப்பார்கள். பழைய பிரெஞ்சு பாலீஷ் முறையில் நுரைக்கல் தூளைப் பஞ்சுப் பொட்டலத்தோடு சேர்த்துத் தேய்ப்பார்கள். அந்தத் தூளும், அது அரைத்தெடுத்த மரப்பொடியும், அரக்கும் சேர்ந்து துவாரத்தை நிரப்பிவிடும்.

இந்த இடத்தில் வாங்குபவர் கண் விழிப்பாக இருக்க வேண்டும். துவாரம் அடைப்பது தொழில். வெடிப்பை அடைப்பது சில சமயம் மோசடி. வெடித்த மரத்தையும் சரியாகப் பொருந்தாத ஒட்டையும் பட்டி பூசி மூடி, கருஞ்சாயம் ஏற்றிவிட்டால் கடையில் கண்டுபிடிக்க முடியாது. வெடிப்புக்கு முறையான வைத்தியம், அதே மரத்தின் மெல்லிய சீவலை உள்ளே செருகி ஒட்டுவதுதான். பட்டி மரம் அல்ல. மரம் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும்; பட்டி கூடவே அசையாது. ஒன்றிரண்டு பருவங்களில் கோடு வெளிப்படும். மரத்தின் இயற்கையான வரிகளே தெரியாத அளவுக்கு இருண்ட சாயம் ஏறிய வீணை என்றால், எதை மறைக்க இத்தனை இருட்டு என்று ஒரு கேள்வி கேட்பதில் தவறில்லை.

பசையும் ஒரு வில்லன். ஒட்டும்போது வழிந்த பசையை அப்போதே துடைக்காவிட்டால், அந்த இடத்தில் சாயம் ஏறாது. வெண்குஷ்டம்போல் திட்டுத் தெரியும். அதற்கு நேர்மாறு, நாரின் வெட்டுமுனை. யாளி முகத்திலும் குடத்தின் முனைகளிலும் நார் வெளியே பார்த்து நிற்கிறது. அது சாயத்தை உறிஞ்சிக் கருத்துப்போகும். அதனால் அங்கே மட்டும் இன்னும் ஓர் எண் நயமான தாளால் தேய்த்தோ, முன்கூட்டியே நீர்த்த அரக்கு ஒரு கை கொடுத்தோ அதன் தாகத்தைத் தணித்துவிடுவார்கள்.

பலாவுக்கு அதிகச் சாயமே வேண்டாம் என்பதும் உண்மை. வெட்டிய புதிதில் மஞ்சளாக இருக்கும் மரம், வெளிச்சம் பட்டு ஆண்டுகள் போகப் போகத் தானே செம்பழுப்பாகிவிடும். பௌத்த பிக்குகளின் சீவரத்துக்குப் பலாக் கட்டையிலிருந்து சாயம் எடுத்த மரபு உண்டு. தன்னிடமே சாயத்தை வைத்துக்கொண்டிருக்கும் மரம் அது.

கடைசியில்தான் அரக்கு

இவ்வளவுக்கும் பிறகுதான் பாலீஷ். அரக்கு என்பது பலாசு, இலந்தை போன்ற மரங்களில் வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசின். ஜார்க்கண்ட் மாநிலத்தில் அதிகம் கிடைக்கிறது. ராஞ்சிக்கு அருகே அரக்கு ஆராய்ச்சிக்கென்றே 1924ல் ஒரு நிலையம் தொடங்கினார்கள். அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிக்குள் பஞ்சு வைத்துக் கட்டிய பொட்டலத்தால், மெல்லிய பூச்சுகளாக ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுகிறார்கள். அடைமழைக் காலத்தில் இதைச் செய்தால் காற்றின் ஈரம் சேர்ந்து வெண்படலம் பூக்கும். "மழை விடட்டும்" என்று பாலீஷ்காரர் நாள் தள்ளினால் அது சோம்பல் அல்ல.

பழைய வீணைக்கு என்ன செய்யலாம்?

இப்போது நம் வீட்டு வீணைக்கு வருவோம். முதலில், பாலீஷை முழுக்கச் சுரண்டித்தான் ஆக வேண்டுமா என்று பார்க்க வேண்டும். வெளியே தெரியாத ஓரிடத்தில் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தால் அது அரக்குப் பாலீஷ். அதற்கு ஓர் அருங்குணம் உண்டு: புதுப் பூச்சு பழையதைச் சற்றுக் கரைத்து அதனோடு ஒன்றாகிவிடும். அழுக்கை எடுத்து, லேசாகத் தேய்த்து, மேலே சில பூச்சுக் கொடுத்தாலே பாட்டியின் வீணை பழைய முகத்தோடு எழுந்து உட்காரும். மெலமைன் போன்ற இக்கால ரசாயனப் பூச்சுகள் அப்படிக் கரைந்து சேர்வதில்லை. அவற்றைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கினால்தான் அடுத்தது பிடிக்கும்.

இரண்டாவது, எண்ணெயும் மெழுகும். வாசிப்பவர் விரலில் தொட்டுக்கொள்ளும் எண்ணெய், ஆண்டுக்கணக்கில் தண்டியில் ஊறியிருக்கும். மெட்டுகளின் அடியிலுள்ள மெழுகு ஓரங்களில் படிந்திருக்கும். அதை எடுக்காமல் எந்தப் பாலீஷும் நிற்காது. மரச்சாமானைப் பளபளப்பாக்கக் கடையில் விற்கும் சிலிகான் கலந்த திரவத்தை வீணையில் தடவவே வேண்டாம். பின்னால் பாலீஷ் போடும்போது அந்த இடம் வட்டம் வட்டமாக விலகிக்கொள்ளும்.

மூன்றாவதுதான் மிக முக்கியம். குடத்தின் மேலே மூடியிருக்கும் பலகைதான் வீணையின் குரல். குதிரையிலிருந்து இறங்கும் அதிர்வை வாங்கிப் பேசுவது அதுதான். அதன் கனத்தைச் செய்தவர் கையால் தட்டி, காதால் கேட்டு முடிவு செய்திருக்கிறார். மேஜைக்குப் பாலீஷ் போடும் வேகத்தில் இயந்திரத்தை அதன்மேல் ஓட்டினால், பலகை மெலிந்துபோகும். மெலிந்த பலகை தந்திகளின் அழுத்தத்தில் உள்வாங்கலாம், வெடிக்கலாம். போன மரம் திரும்பி வராது. தடித்த ரசாயனப் பூச்சை ஊற்றினாலும் குரல் அமுங்கும். ஆகவே, பலகையில் இயந்திரம் கூடாது. மெல்லிய பூச்சுக்கு மேல் கூடாது. இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் வீணையை ஒப்படைக்க வேண்டும்.

கொடுக்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு: பழைய பூச்சை எதைக் கொண்டு எடுப்பீர்கள்? பலகையைக் கையால் தேய்ப்பீர்களா? மெட்டுகளையும் மெழுகையும் எப்படிப் பாதுகாப்பீர்கள்? பாலீஷுக்கு முன் எனக்கு ஒருமுறை காட்டுவீர்களா? நல்ல தொழிலாளிக்குக் கடைசிக் கேள்வி பிடிக்கும். தன் வேலையை ஒருவர் பார்க்க வருகிறார் என்றால் யாருக்குத்தான் சந்தோஷம் இருக்காது?

தூளைத் தின்னும் மனிதர்

நம்மவர்களில் பாலீஷ் வேலை பார்த்துப் பிழைக்கிறவர்களும் உண்டு. அவர்களுக்கு இதுவரை சொன்னது தெரிந்த கதைதான். இனிச் சொல்வது அவர்கள் உடம்பைப் பற்றியது. உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் மரத்தூளை 1995ல் சேர்த்தது. மூக்கின் உள்ளறைகளைத்தான் அது முக்கியமாகத் தாக்குகிறது. ஈட்டி மரத்தின் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் கொப்புளத்தையும் கொடுக்கும். நயமான தாளில் வரும் தூள்தான் கண்ணுக்குத் தெரியாமல் நெஞ்சுக்குள் இறங்குகிறது. தோளில் கிடக்கும் துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது போதாது. பொடித்தூளை வடிக்கும் முகமூடி வேண்டும், காற்றோட்டம் வேண்டும். பாலீஷுக்கு வரும் ஸ்பிரிட்டில் மெத்தனால் விஷம் கலந்திருக்கும். தீயும் சட்டென்று பற்றும். பக்கத்தில் பீடி கூடாது.

கூலியிலும் ஒரு கோணல் இருக்கிறது. "பாலீஷுக்கு என்ன கேட்கிறாய்?" என்றுதான் எல்லோரும் பேரம் பேசுகிறார்கள். தேய்த்த நாட்களுக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை. கண்ணுக்குத் தெரியும் வேலைக்குக் காசு, தெரியாத வேலைக்குச் சுருக்கு என்றால், தொழிலாளி எதைச் சுருக்குவார்? தெரியாத வேலையைத்தான். 120ஆம் எண் தாளைத் தாண்டுவார், ஈரத்துணியை விட்டுவிடுவார், வெடிப்பில் சீவல் செருகுவதற்குப் பதில் பட்டி பூசுவார். மேலே கூடுதலாக இரண்டு பூச்சு ஏற்றி மினுக்கிவிடுவார். இந்தக் குற்றத்தில் பாதி நம்முடையது.

பேரம் பேசும்போது தேய்க்கும் வேலைக்கென்று தனியாக ஒரு தொகையைச் சொல்லுங்கள். இரண்டு நாளில் வேண்டும் என்று நெருக்காதீர்கள். வீணை திரும்பி வந்ததும், விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். கீறல் இல்லாமல் நிழல் இல்லாமல் மரத்தின் வரிகள் தெளிவாகத் தெரிந்தால், பேசிய கூலிக்கு மேல் ஒரு நோட்டைச் சேர்த்துக் கொடுங்கள். அந்த நோட்டு பாலீஷுக்கு அல்ல. அதற்கு முன்னால் உட்கார்ந்த நாட்களுக்கு.